மைதானத்துக் கணக்குப்பிள்ளை

நான் ஆடத் தெரியாதவன். மேலூர்ப் பக்கத்து வயல் வரப்புகளில் ஓடிப் பழகிய கால்கள், சிமெண்டுத் தரையில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட மறுத்துவிட்டன. ஆயினும் நம் கல்லூரிக் கூடைப்பந்து அணியோடு இரண்டாண்டுகளாகச் சுற்றி வருகிறேன். பி.எஸ்ஸி. கணிதம் படிப்பவன் என்ற ஒரே தகுதிக்காக ஸ்கோர் ஷீட் எழுதும் மேசையில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்தத் தாளை அருகிலிருந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? வலப்பக்கம் 1 முதல் 160 வரை எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். கூடையில் பந்து விழுந்தால் உரிய எண்ணின்மேல் ஒரு சாய்கோடு. பக்கத்தில் போட்டவரின் சட்டை எண். ப்ரீ த்ரோ என்றால் கோடு கிடையாது, ஒரு பொட்டு. மூன்று புள்ளி எறிதல் என்றால் சட்டை எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். முதல் கால்பகுதிக்கும் மூன்றாம் கால்பகுதிக்கும் சிவப்பு மை. மற்ற இரண்டுக்கும் நீலம். இடப்பக்கம் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே ஃபவுல் குறிக்க 5 கட்டங்கள். ஐந்தும் நிறைந்தால் ஆள் வெளியே!

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பத்தா பால் கணக்கை அடுப்படிச் சுவரில் கரிக்கோடுகளாக எழுதி வைப்பார். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. மாதக் கடைசியில் சொசைட்டிக்காரரிடம் ஒரு கோட்டைக்கூட விட்டுக்கொடுக்கமாட்டார். அந்தப் பரம்பரையில் வந்தவனுக்கு இந்தத் தாள் எப்படி அந்நியமாகத் தோன்றும்?

ஸ்கோர் ஷீட் மீது ஏற்பட்ட பித்தால் பழைய ஆட்டங்களின் கணக்குகளைக் கைப்பேசியில் தேடத் தொடங்கினேன். முதலில் கிடைத்தது 1962 மார்ச் 2 அன்று அமெரிக்காவின் ஹெர்ஷி என்னும் ஊரில் நடந்த ஆட்டம். பிலடெல்பியா வாரியர்ஸ் 169, நியூயார்க் நிக்ஸ் 147. வில்ட் சேம்பர்லேன் என்ற ஏழடி உயர மனிதர் ஒருவரே 100 புள்ளிகள் எடுத்தார். 63 முறை எறிந்து 36 கூடைகள். ப்ரீ த்ரோவில் 32க்கு 28. இருமடங்கு 36 என்றால் 72, அதனோடு 28. கூட்டிப் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஆட்டத்தின் தொலைக்காட்சிப் படம் கிடையாது. பார்க்கவே முடியாத ஓர் ஆட்டத்தை எண்களை வைத்துக்கொண்டே மனத்திரையில் ஓட்டிப் பார்க்க முடிகிறதே!

ஊருக்குப் போனபோது இதை அப்பத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்: "ஏண்டா, ஒரு பயலே நூறு போட்டான்னா அவனுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தது யாருடா?"

பெரும்பாலானோர் கேட்க மறக்கும் கேள்வி இது. மீண்டும் கணக்கைப் பார்த்தேன். கை ரோட்ஜர்ஸ் என்பவர் எடுத்தது 11 புள்ளிகள்தாம். ஆனால் 20 கூடைகளுக்குப் பந்தைக் கொடுத்திருக்கிறார். அல் ஆட்டில்ஸ் 8 முறை எறிந்தார், எட்டும் விழுந்தன. எதிரணியில் சேம்பர்லேனைத் தடுக்க நின்ற டாரல் இம்ஹாஃப் 20 நிமிடங்களில் 6 ஃபவுல் வாங்கி வெளியேறினார். (அங்கே ஆறாவதில்தான் வெளியேற்றம்.) இவர்களெல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கிறார்கள். நம் கண்தான் 100இல் போய் ஒட்டிக்கொள்கிறது.

தாளிலேயே இல்லாதவையும் உண்டு. எதிரி எறியும் பந்தைத் தடுப்பதையும், பந்தைப் பறிப்பதையும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் 1973-74 பருவத்திலிருந்துதான் முறையாகக் கணக்கெடுத்தார்கள். பந்தைத் தடுப்பதிலேயே பெயர் பெற்று, 11 பட்டங்கள் வென்று, 1969இல் ஓய்வு பெற்ற பில் ரஸ்ஸல் தம் வாழ்நாளில் எத்தனை பந்துகளைத் தடுத்தார்? அதிகாரபூர்வமான எண் கிடையாது.

இவ்வளவும் எனக்கு ஏன்? காரணம் என் விடுதி நண்பன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். கபடி ஆடிய உடம்பு. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரனை நிழல்போல் ஒட்டிக்கொள்வான். சென்ற ஆண்டு ஓர் அணிக்குத் தேர்வு நடந்தது. எந்த அணி, யார் தேர்ந்தார்கள் என்பது இங்கே வேண்டாம். ஸ்கோர் ஷீட்டில் அவன் பெயருக்கு நேரே இருந்தவை 4 புள்ளிகளும் 5 ஃபவுல்களும். தேர்வாளர்கள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். அந்தத் தாளை எழுதியது என் கை. விதிப்படி சரியாகத்தான் எழுதியிருந்தேன். அன்றிரவு அவன் விடுதி மெஸ்ஸில் சாப்பிடவில்லை. விளையாட்டுச் சான்றிதழ் ஒன்று கிடைத்தால் மேலே படிக்கலாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தான்.

மறுநாள் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ரீபவுண்டு, அசிஸ்ட், பறித்த பந்து என்று கட்டங்கள் போட்டேன். இன்னொரு கட்டம் ஐஸ் ஹாக்கியில் பிறந்த முறை, பிளஸ்-மைனஸ் என்பார்கள். ஒருவன் களத்தில் நின்ற நேரத்தில் அணி எவ்வளவு முந்தியது, அவன் உட்கார்ந்த நேரத்தில் எவ்வளவு பிந்தியது என்று குறிப்பது. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நாங்கள் 7 புள்ளிகளில் வென்ற ஓர் ஆட்டத்தில், என் நண்பன் நின்றபோது 19 முந்தியிருந்தோம். அவன் உட்கார்ந்தபோது 12 இழந்திருந்தோம். அன்றும் அவன் எடுத்தது 4 புள்ளிகளே!

ஓர் ஆட்டத்தின் பிளஸ்-மைனஸை நம்பக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். நல்ல நால்வரோடு நிற்பவனுக்குக் கூட நிற்பவர்களாலேயே எண் கூடிவிடும். பல ஆட்டங்கள் சேர்ந்தால்தான் அந்த மயக்கம் தெளியும். ஆகவே பதினொரு ஆட்டங்களுக்கு எழுதினேன். ஒன்பதில் அவன் எண் பிளஸ்.

சென்ற வாரம் நோட்டை உடற்கல்வி இயக்குநர் ஐயாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். இரண்டு இடங்களில் கூட்டலைச் சரிபார்த்தார். "அடுத்த தேர்வுக்குப் போகும்போது நீயும் வா. நோட்டையும் எடுத்துக்கோ" என்றார். நண்பனிடம் சொன்னேன். அவன் பதில் பேசாமல் பந்தை எடுத்துக்கொண்டு ப்ரீ த்ரோ பழகப் போனான். அதில் அவன் மோசம்தான். என் நோட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.