பதிவேட்டில் நிலைத்த பெயர்

முன்னோரைத் தேடிச் செல்வது இனிய பயணம் என்பர். பாட்டனார் நட்ட மரத்தையோ பூட்டனார் கட்டிய வீட்டையோ காணும்போது நெஞ்சம் நிறையும். ஆனால், தேடிய பாட்டனார் ஒரு விற்பனைப் பட்டியலில் கிடைத்தால்? அவரை விற்றவர்கள் நம் திருச்சபையின் குருக்களாகவே இருந்தால்? அத்தகைய தேடல் ஒன்றின் வரலாற்றைப் படித்தோம். இதை வாசகர் முன் வைக்கலாமா என்று முதலில் தயங்கினோம். நாம் மறைப்பதால் உண்மை மறைந்துவிடாது என்று தெளிந்தே எழுதுகிறோம்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இயேசு சபையாருக்குப் பண்ணைகள் இருந்தன. அவற்றில் உழைத்தவர்கள் அடிமைகள். நம்மைப் போல் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். 1838-ஆம் ஆண்டு, அங்கு சபையின் மாநிலத் தலைவராயிருந்த தாமஸ் மல்லடி அடிகளார் 272 பேரை 1,15,000 டாலருக்கு லூசியானா மாநிலத் தோட்ட முதலாளிகளுக்கு விற்க உடன்பட்டார். அப்பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைத்தது. குடும்பங்களைப் பிரிக்கலாகாது, அவர்களின் விசுவாச வாழ்வுக்குத் தடை நேரலாகாது, பணத்தைக் கடனுக்குச் செலவிடலாகாது என உரோமையிலிருந்த சபை அதிபர் விதித்த நிபந்தனைகள் காக்கப்படவில்லை. மறு ஆண்டில் திருத்தந்தை 16-ஆம் கிரகோரியார் அடிமை வாணிபத்தைக் கண்டித்துத் திருமடல் விடுத்தார். அதற்குள் பலர் கப்பலேறிவிட்டனர்.

விற்கப்பட்டவர்களுள் கொர்னேலியுஸ் ஹாக்கின்ஸ் என்னும் சிறுவனும் ஒருவன். வயது 13. இராயப்பரிடம் ஞானஸ்நானச் செய்தி கேட்ட நூற்றுவர் தலைவனின் பெயர் அவனுக்கு!

அவருடைய சந்ததியார் அவரை எவ்வாறு கண்டுபிடிப்பது? 1850, 1860-ஆம் ஆண்டுகளின் மக்கள் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குப் பெயர் எழுதப்படவில்லை. முதலாளியின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே உண்டு. கொர்னேலியுசின் பெயர் தோட்டச் சொத்துப் பட்டியலில், விலையோடு காணப்பட்டது. 1865-இல் அடிமைத்தனம் ஒழிந்தது. 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் அவர் முதன்முறையாக ஒரு மனிதராக, மனைவி மக்களுடைய குடும்பத் தலைவராகத் தென்படுகிறார்.

அதற்குப் பின் வழிகாட்டியது பங்கு ஆலயத்தின் பதிவேடு. ஆலயம் தொலைவிலிருந்ததால் குருவின் ஆசியின்றி மணம் புரிந்திருந்த அவர், 1876-இல், முதுமையை நெருங்கும் வயதில், குருவானவர் முன்னிலையில் தம் மண வாக்குறுதியைப் புதுப்பித்துக்கொண்டார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திருச்சபையில் நிலைத்தனர். அந்த ஏடுகளைப் பற்றிக்கொண்டே ஆராய்ச்சியாளர் அவர் வழித்தோன்றல்களை அடைந்தனர். லூசியானாவின் மாரிங்வின் என்னும் சிற்றூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாய்ந்து கிடந்த கல் ஒன்றில், 1902 ஏப்ரல் 16 என அவர் இறந்த நாள் தெளிவாயிருந்தது.

குருக்களால் விற்கப்பட்டவர் மீண்டும் ஒரு குருவின் முன் முழந்தாளிட்டதை எண்ணியெண்ணிப் பார்க்கிறோம். அவருடைய விசுவாசம் விற்றவர்களின் குற்றத்தை அணுவளவும் குறைப்பதன்று. ஆயினும், தாம் அறிந்த ஆண்டவர் விற்றவர்களின் உடைமையல்லர் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

2017 ஏப்ரலில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் இயேசு சபையும் வழித்தோன்றல்கள் முன்னிலையில் மன்னிப்புக் கோரின. மல்லடி அடிகளாரின் பெயரைத் தாங்கியிருந்த கட்டடம், விற்பனைப் பத்திரத்தில் முதற்பெயராய் நின்ற ஐசக் ஹாக்கின்சின் பெயரைப் பெற்றது. மன்னிப்புக் கேட்க 179 ஆண்டுகள் சென்றன. பாவசங்கீர்த்தனம் தாமதித்தாலும் செய்யப்பட வேண்டியதே என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோமல்லவா?

வாசகர்களே, நம் பங்குகளிலும் பழைய ஏடுகள் பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றைச் செல்லரிக்க விடாமல் காப்போம். நம் வீட்டிலும் வயலிலும் உழைப்பவரை 'ஆள்' என்று எண்ணாமல், பெயர் சொல்லி அழைப்போம். வரும் கல்லறைத் திருநாளன்று, பெயரின்றி எண்ணப்பட்ட ஆன்மாக்களுக்காகவும், அவர்களை விற்றவர்களின் ஆன்மாக்களுக்காகவும் ஒரு செபம் சொல்வோம். ஆண்டவரின் ஏட்டில் ஒருவர் பெயரும் விடுபடுவதில்லை.