விலகு என்றுதான் எழுதியிருக்கிறது

1994 மே மாதம் எங்கள் ஊர் கன்வென்ஷனுக்கு அக்காவும் வந்திருந்தாள். புருஷன் வீட்டிலிருந்து வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. பேசிய நகையில் பத்துப் பவுன் பாக்கி. அதற்காக அத்தான் தோசைக்கரண்டியைக் காய்ச்சி அவள் கையில் சூடு வைத்திருந்தார். அந்த வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு, எனக்கும் ஆச்சிக்கும் நடுவில் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைய செய்தி கடைசி நாட்களைப் பற்றி. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம், மூன்றாம் அதிகாரம். கடைசிக் காலத்து மனிதர்கள் எப்படியிருப்பார்கள் என்று அதில் ஒரு நீளமான பட்டியல் உண்டு. பிரசங்கியார் அதை முழுதாக வாசித்தார். விளக்கத்துக்கு வந்தபோது மட்டும் எல்லாமே பெண்களாகிவிட்டது. விரித்த தலை, சினிமா, சம்பாதிக்கும் திமிர், புருஷனை விட்டுவிட்டுத் தகப்பன் வீட்டில் வந்து உட்காருவது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு நடக்கும்போதே, "திங்கக்கிழம கொண்டு விட்டுருவோம்" என்றார் அப்பா.

ராத்திரி ஆச்சி கூப்பிட்டாள். "ஏட்டி, எனக்குக் கண்ணு தெரியல. அந்த அதிகாரத்த வாசி."

வாசித்தேன். பணப்பிரியர் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "இது யாரு?" நான் பதில் சொல்லவில்லை. கொடுமையுள்ளவர்கள் என்று வந்தபோது மறுபடியும், "இது யாரு?" ஐந்தாம் வசனம், வெளியே பக்தி வேஷம் போடுகிறவர்களைப் பற்றியது. அப்படிப்பட்டவர்களை விட்டு விலகச் சொல்கிறது. ஆச்சி திண்ணைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "ஏலே, வெலகுன்னுதான போட்டுருக்கு? கொண்டு விடுன்னா போட்டுருக்கு?"

அந்த அதிகாரத்தை நம் பக்கத்து வேதம் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த வசனமே எளிதில் ஏமாறும் பெண்களைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறது. அதை எந்தப் பிரசங்கியாரும் விட்டுவைப்பதில்லை. ஆனால் அதே நிருபத்தின் முதல் அதிகாரம், தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவன் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்கிறது. லோவிசாளைப் பற்றி ஒரு கன்வென்ஷன் செய்திகூட நான் கேட்டதில்லை. வரதட்சணையைக் கடைசிக் கால அடையாளமாக யாரும் சொல்லியும் கேட்டதில்லை. எப்படிச் சொல்வார்கள்? எங்கள் வீடுகளில் ஜெபம் பண்ணிவிட்டுத்தானே தொகை பேசுகிறார்கள்!

ஆச்சியைப் புனிதவதியாக்கவும் எனக்கு மனமில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். அதற்குப் பிறகுதான் அப்பாவின் கல்யாணம். அம்மா வீட்டுப் பணத்தை எண்ணி வாங்கியவள் ஆச்சிதான். அன்று ராத்திரி, "இது யாரு?" என்று அவள் கேட்டபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்ததை நான் மறக்கவில்லை.

திங்கட்கிழமை அக்கா போகவில்லை. ஒரு மாதம் அப்பா ஆச்சியோடு பேசவில்லை. அத்தான் அவருடைய சபையில் இன்றும் காணிக்கைப் பை எடுக்கிறார்.