வள்ளத்தைத் தூக்கி நடந்த நாட்கள்

ரொறன்ரோவில் இருந்து வடக்கே நாலு மணித்தியாலம் காரோடினால் பிரெஞ்சு ஆறு வரும். நிப்பிசிங் ஏரியில் தொடங்கி ஜோர்ஜியன் குடாவில் விழுகிறது. ஏறக்குறைய 110 கிலோமீற்றர். போன ஓகஸ்டில் நாங்கள் நாலு பேர், ரெண்டு கனூ, நாலு நாள். வூல்சிலி குடாவில் இறங்கி 69ஆம் நெடுஞ்சாலைப் பக்கம் கரையேறுவதாகத் திட்டம்.

கனூ என்றால் எங்கட வள்ளம் மாதிரித்தான். பின்னால் இருப்பவர் திருப்புவார், முன்னால் இருப்பவர் கல்லைப் பார்த்துச் சொல்லுவார். எனக்கு முன்னால் இருந்தது மச்சாள். அவளுக்கு நீந்தத் தெரியாது. பயணத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கின நாளே அதைச் சொல்லிவிட்டாள். எங்கள் வீடுகளில் இது புதினமில்லை. கடலைப் பார்த்து வளர்ந்த பெற்றோர்தான் பிள்ளைகளைத் தண்ணிக்குக் கிட்ட விடமாட்டார்கள்.

மாமி கருவாடு கட்டித் தந்தார். கரடி திரியும் காட்டில் அந்த மணத்தோடு படுக்க ஏலாது என்று அவருக்கு விளங்கப்படுத்தப் பட்ட பாடு! கடைசியில் வறுத்த அரிசிமா, பருப்பு, இடிச்ச சம்பல். இரவில் எல்லாவற்றையும், பற்பசையையும் சேர்த்து, பீப்பாவில் போட்டு மூடி, கூடாரத்துக்குத் தூர ஒரு மரத்தில் உயரக் கட்டினோம்.

இரண்டாம் நாள் பிக் பைன் ரப்பிட்ஸ். முதலில் கேட்பது இரைச்சல்தான். கரையில் ஏறிப் பார்த்தோம். தண்ணி கல்லுகளுக்குள்ளால் நுரைத்துப் பாய்ந்தது. எங்கள் கண்முன்னே வேறொரு கூட்டம் அதற்குள் இறங்கி, நனைந்து, சிரித்துக்கொண்டு போனது. தம்பிக்குக் கை துருதுருத்தது.

“நீங்கள் போறதெண்டா போங்கோ, நான் நடந்து வாறன்,” என்றாள் மச்சாள்.

அந்தப் பேச்சுத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பாதுகாப்பு அங்கி மிதக்க வைக்கும். கல்லில் மோதாமல் காப்பாற்றாது. ஒரு கனூ உடைந்தால் நாலு பேருக்கும் மிஞ்சுவது ஒன்று. தொலைபேசியில் சிக்னலும் இல்லை. இதில் அவளுடைய பயம் எங்கே வருகிறது? எல்லாரும் தூக்கிக்கொண்டு நடப்போம் என்றேன்.

இப்படிச் சுமந்து நடப்பதைப் போர்ட்டேஜ் என்பார்கள். தோல் வணிகக் காலத்தில் இதே ஆற்றால் வந்த வொயாஜர்கள் 11 மீற்றர் நீளமான மரப்பட்டைக் கனூவோடு, ஒரு தடவைக்கு 40 கிலோப் பொதி ரெண்டைச் சுமந்து நடந்தவர்கள். எல்லாரும் எல்லா இடத்திலும் நடக்கவில்லை. 1960களில் இந்த ஆற்றின் அடியில் சுழியோடியவர்கள் அவர்களுடைய கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். தம்பிக்கு இதைச் சொன்னேன்.

“அப்ப அவையளும் ஓடிப் பாத்தவைதானே?” என்றான்.

மூன்று நடை, நுளம்பு, வேர்வை. கனூவைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றியது மச்சாள். “நீந்தத்தான் தெரியாது, நடக்கத் தெரியும்.” தம்பி புட்டு அவியும் வரைக்கும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் முழுக்க எதிர்க்காற்று; அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தோள் மட்டும் இன்னும் சொல்லும். கடைசியாக ரெக்கோலெற் நீர்வீழ்ச்சி. இரைச்சல் கேட்டதும் தம்பியின் கனூதான் முதலில் கரை ஒதுங்கியது. வந்து எங்கள் கனூவின் முனையைப் பிடித்து இழுத்துவிட்டு, மச்சாளுக்குக் கை கொடுத்தான்.

ஓடப் பழக்கும் வகுப்பொன்றைத் தேடுகிறான் இப்போது. மச்சாள் நீச்சலுக்குப் பெயர் குடுத்துவிட்டாள்.