திராட்சைத் தோல் மருந்தாகுமா?

பன்னீர் திராட்சையைச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைத் துப்புவதுதான் எங்கள் ஊர் வழக்கம். இப்போது அந்தக் கொட்டையையும் தோலையும் பொடியாக்கி, 'புற்றுநோய்க்கு மருந்து' என்று டப்பாவில் விற்கிறார்கள். கோம்பைக்கும் அது வந்துவிட்டது.

எங்கள் மதினி ஒருவர், மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து மாத்திரை சாப்பிட்டு வருகிறார். டப்பாவைக் கொண்டுவந்து, "தம்பி, நீங்க திராட்சை வெவசாயம் பண்றவுக. மாத்திரைய நிறுத்திட்டு இதச் சாப்பிட்டாப் போதும்ங்கிறாக. உண்மையா?" என்று கேட்டார்.

விஷயம் முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். தோலின் கருநீல நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின். அதே தோலில் ரெஸ்வெரட்ரால் என்றொரு பொருளும் உண்டு. பூஞ்சை தாக்கும்போது கொடி தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்குவது அது. அதை எலியின் தோலில் தடவியபோது புற்றுக்கட்டி உருவாவது குறைந்ததாக 1997-ல் சிகாகோ ஆய்வாளர்கள் எழுதினார்கள். பேச்சு கிளம்பியது அதன் பிறகுதான். ஆனால் மனிதர் விழுங்கினால் குடலும் ஈரலும் சீக்கிரமே அதை வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. ரத்தத்தில் சேர்வது சொற்பம். அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஒரு ரத்தப் புற்றுநோய் ஆய்வு, சிலருக்குச் சிறுநீரகம் பாதித்ததால் 2010-ல் நிறுத்தப்பட்டது.

பிரித்தெடுப்பதும் லேசான வேலை இல்லை. ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து, கொஞ்சம் அமிலம் சேர்த்துத் தோலை ஊறவைத்து, வடிகட்டி, அதிகம் சூடாக்காமல் ஆல்கஹாலை ஆவியாக்க வேண்டும். சூடும் வெளிச்சமும் ஆந்தோசயனினைக் கெடுத்துவிடும். வெயிலில் காயவைத்து மிக்ஸியில் அரைத்தது வெறும் பொடி.

செடியிலிருந்து புற்றுநோய் மருந்தே வராது என்று நான் சொல்லவில்லை. நம் வேலியோரம் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் எடுக்கிறார்கள். அதை மில்லிகிராம் கணக்கில் அளந்து, டாக்டர் மேற்பார்வையில் ஊசியாக ஏற்றுகிறார்கள். யாரும் அந்த இலையை அரைத்துக் குடிக்கச் சொல்வதில்லை, அது விஷம்.

"மாத்திரைய நிறுத்தாதீங்க மதினி, டப்பாவ டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றேன். காட்டினார்; வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மாத்திரை தொடர்கிறது.

பழமாகச் சாப்பிடுவதில் தப்பில்லை, சர்க்கரை நோய் இருந்தால் அளவோடு. நம்மை மாதிரி திராட்சை போடுகிறவர்களுக்கு ஒன்று: போர்டோ கலவையும் மற்ற மருந்தும் அடிக்கிறோம். அது முதலில் படிவது தோலில்தான். காத்திருப்பு நாள் முடியாமல் வெட்டிய குலையின் தோலைப் பொடியாக்கினால், அந்த மருந்தும் சேர்ந்தே பொடியாகும். தோல் கேட்டு வருகிற வியாபாரியிடம் கடைசியாக மருந்தடித்த தேதியை நான் எழுதிக் கொடுக்கிறேன். பாதிப் பேர் அதை வாங்கிக்கொள்ளாமலே போகிறார்கள்.