கெல்லருக்குப் போகும் கோப்புகள்

ஊரிலிருந்து பேசும் பெரியம்மா "என்ன வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டால், "நாடா பார்க்கிற வேலை" என்பேன். படக் கசெட் கடை என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். நான் இருப்பது ஒரு கணனி நிலையத்தில்.

ஜேர்மனியில் வீடு எடுத்த எல்லோருக்கும் கெல்லர் தெரியும். அன்றாடம் வேண்டியது குசினியில். கொண்டாட்டத்துக்கு மட்டும் எடுக்கும் பெரிய கிடாரம் கெல்லரில். பெரிய கணனி நிலையங்களிலும் இதே ஒழுங்குதான். ஹம்பேர்க்கில் 1987 இல் தொடங்கிய ஜேர்மன் காலநிலைக் கணனி நிலையத்தில், ஆராய்ச்சியாளரின் கணிப்புகள் எல்லாவற்றையும் விலைகூடிய வன்தட்டுகளில் வைத்திருக்க முடியாது. பழையவை மலிவான காந்த நாடாக்களுக்குப் போகும்.

வன்தட்டு ஓர் அளவுக்கு மேல் நிரம்பினால், நெடுநாள் எவரும் தொடாத கோப்புகளை மென்பொருள் தானாகவே நாடாவுக்கு இறக்கிவிடும். பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். யாராவது அதைத் திறந்தால், இயந்திரக் கை உரிய நாடாவை எடுத்துச் செருகும். நாடா சுற்றிக் கோப்பு மேலே வரும். சில நிமிடம் பிடிக்கும். அவசரக்காரர் கணனி செத்துப்போச்சு என்று எங்களைக் கூப்பிடுவார்கள்.

படிக்க வந்த பெடியன் ஒருவன், ஒரேயொரு சொல்லைத் தேடுவதற்காக முழுக் கோப்புறையையும் திறக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டான். ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒரேயடியாக மேலே வரத் தொடங்கின. அவற்றுக்கு இடம் விட மற்றவர்களின் கோப்புகள் கீழே போயின. அன்று முழுக்க எல்லோருக்கும் காத்திருப்புத்தான். எது நாடாவில் இருக்கிறது என்று முதலில் பார்த்து, ஒரே நாடாவில் உள்ளவற்றைச் சேர்த்துக் கேட்டிருந்தால் சுகமாக முடிந்திருக்கும். சின்னக் கோப்புகளைப் பொதியாகக் கட்டி அனுப்பினால் இன்னும் நல்லது. (இந்த வேலையைப் பழக விரும்பும் பிள்ளைகளுக்கு, 1997 இலிருந்து இங்கே பாக்இன்போர்மாட்டிக்கர் என்ற அவுஸ்பில்டுங் உண்டு.)

பலர் பிழையாக விளங்கிக்கொள்ளும் விஷயம் ஒன்று: கெல்லருக்குப் போன கோப்புக்கு இரண்டு பிரதி இருப்பதாக நினைப்பார்கள். மேலே நிற்பது பெயர்தான். பொருள் நாடாவில் மட்டும். அதனால் முக்கியமானவற்றுக்கு இரண்டாவது நாடா, அதுவும் வேறு கட்டடத்தில் வேண்டும். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்ததை அறிந்தவருக்கு இதைக் கனக்க விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நாடாவும் கிழவனாகும். 2000 இல் வந்த முதல் எல்.ரி.ஓ. நாடா 100 கிகாபைற் கொண்டது. 2021 இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18,000. ஆனால் அந்தப் புதுக் கருவி தனக்கு முந்திய ஒரு தலைமுறையைத்தான் வாசிக்கும். ஆகவே நிலையங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புது நாடாவுக்கு மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

எங்கள் கெல்லர்களிலும் கலியாண வீடியோக்கள் கிடக்கின்றன. வீடியோ டெக் செய்வதைக் கடைசிக் கொம்பனியும் 2016 இல் நிறுத்திவிட்டது. அப்பா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெட்டைப் போன மாதம் மாற்றி, ஒரு பிரதியை டோர்ட்முண்டில் தங்கச்சி வீட்டில் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தில், நாங்கள் ஒருவருமே கேட்டிராத பதினொரு நிமிடம் இருந்தது. கிணற்றடி வாழைக்கு யார் தண்ணி விடுகிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.