விரல்நுனி அளவு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் வாழ்ந்த நாளில், என் இளைய மகளின் முழங்கை மடிப்பில் கரப்பான் படர்ந்தது. மலைக்குளிரில் தோல் வறண்டு வெடிக்க, இரவெல்லாம் சொறிந்து அழுவாள். 1952-இல் தோல் மருத்துவத்தில் புகுந்த ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பை மருத்துவர் தந்தார்.

"ஸ்டீராய்டு தோலைத் தின்றுவிடும்" என்றனர் அண்டை வீட்டார். நானும் அஞ்சிப் பொட்டளவே தடவினேன், புண் ஆறவில்லை.

மறுமுறை மருத்துவர் அளவைக் காட்டினார். பெரியவரின் சுட்டுவிரல் நுனிக்கணு நீளத்திற்குப் பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். சிவந்த இடத்தில் மட்டும், சொன்ன நாள் வரையில் பூச வேண்டும். மிகுந்தால் தோல் மெலியும். குறைந்தால் நோய் நீளும்.

ஒரு வாரத்தில் மகள் அயர்ந்து உறங்கினாள். 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் உணவுக்கு அளவு வகுத்ததை வகுப்பில் பலமுறை நடத்தியவன் நான். களிம்புக்கும் அளவுண்டு என்பதை அன்றுதான் கற்றேன்.