அடுத்த வீட்டுக் கிண்ணம்

டோக்கியோவில் நான் குடியேறிய முதல் குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்க மறுத்தது. எங்கள் தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரில் ஓர் இரவுக்குள் பொங்கி வழியும் மாவு, அங்கே இரண்டு நாள் கழிந்தும் அரைத்து வைத்தபடியே கிடந்தது. இறுதியில் அதைக் 'கொத்தாட்சு'வுக்குள் வைத்தேன். அடியில் மின்வெப்பி பொருத்தி, மேலே கனத்த போர்வை விரித்த குட்டை மேசை அது. ஜப்பானியர் அதனுள் கால் நீட்டிக் குளிர்காய்வர். குறைந்த சூட்டில் இரவு முழுதும் இருந்த மாவு, காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்திருந்தது. அயல்நாட்டில் நான் பெற்ற முதல் வெற்றி அதுதான்.

சமையல் எனக்குப் பொழுதுபோக்கன்று. நான் நனிசைவ உணவு உண்பவள். ஊனை மட்டுமன்றிப் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கியவள். இம்முறையைக் குறிக்கும் 'வீகன்' என்னும் சொல் 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தது. அந்த எண்ணம் எனக்கு எங்கள் வீட்டுத் தொழுவத்தில் பிறந்தது. லட்சுமி ஈன்ற காளைக்கன்றை வியாபாரி ஓட்டிச் சென்ற அன்று, அவள் இரவெல்லாம் கதறினாள். மறுநாள் அதே மடியில் கறந்த பால் என் குவளைக்கு வந்தது. பல்லாண்டுகள் கழித்து, வேலையில் சேர்ந்த பிறகே பாலை விடும் துணிவு வந்தது. அம்மா கேட்டது ஒன்றுதான்: "நான் தோய்த்த தயிர் உனக்குப் பாவமாகிவிட்டதா?" அதற்கு விடை சொல்லாமலேயே விமானம் ஏறினேன்.

ஜப்பானில் நான் முதலில் கற்ற எழுத்து, பாலைக் குறிக்கும் எழுத்து. ரொட்டி உறையைத் திருப்பி அதைத் தேடுவேன்; இல்லையென்றால்தான் வாங்குவேன். துவரம்பருப்புக்கும் புளிக்கும் மாதம் ஒருமுறை, இந்தியர் மிகுந்து வாழும் நிஷிகசாய்ப் பகுதிக்குத் தொடர்வண்டியில் செல்வேன்.

அடுத்த வீட்டில் எண்பது வயதை நெருங்கிய பெண்மணி ஒருவர் தனியே வாழ்ந்தார். குடும்பப் பெயரால் அழைப்பதே அங்கு வழக்கம். என் மனத்துக்குள் அவர் பாட்டிதான். ஞாயிறுதோறும் மாலையில், மூடியிட்ட கிண்ணத்தைத் துணியில் முடிந்து எடுத்துவருவார். சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்யும் 'மிசோ' விழுதைக் கரைத்த சாறு. அதில் சோயாக்கட்டியும் வெங்காயத்தாளும் மிதக்கும். ஓராண்டுக் காலம் அதை ஆசையோடு குடித்தேன். வாரத்தில் பிறர் கையால் நான் உண்ட உணவு அது ஒன்றே.

ஒருநாள் உடன் பணிபுரிபவர் பேச்சுவாக்கில் உண்மையைச் சொன்னார். ஜப்பானியச் சாறுகளுக்கு அடிப்படை 'தாஷி' என்னும் வடிநீர். சூரை மீனைப் புகையிட்டு மரம்போல் உலர்த்தி, இழைப்புளி போன்ற கருவியில் சீவி, அச்சீவலை வெந்நீரிலிட்டு வடிப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத மீனை நான் ஐம்பது ஞாயிறுகள் குடித்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறன்று வயிறு சரியில்லை என்றேன். அதற்கடுத்த ஞாயிறன்று வீட்டு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் அமர்ந்திருந்தேன். அழைப்பு மணி இருமுறை ஒலித்து ஓய்ந்தது. திரும்பிச் செல்லும் அந்தக் காலடி ஓசை, அம்மாவின் கேள்வியை நினைவூட்டியது. கதவைத் திறந்து பின்னால் ஓடினேன். தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். மீன், பால், கன்று என்று சொற்கள் வரிசையின்றி வந்தன.

பாட்டி தலை தாழ்த்தி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு, "என் கணவர் இறந்தபோது நாற்பத்தொன்பது நாள் மீனில்லாமல் சமைத்தேன். எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் குறிப்பிட்டது பௌத்த மடங்களின் 'ஷோஜின்' உணவுமுறை. தோகென் என்னும் ஜென் துறவி 1237ஆம் ஆண்டிலேயே மடத்துச் சமையற்பொறுப்பாளருக்காக ஒரு நூல் எழுதியிருக்கிறார். அம்முறையில் தாஷிக்கு உலர்காளானும் 'கொம்பு' என்னும் கடற்பாசியும் போதும். (நம் கொம்புக்கும் இதற்கும் உறவில்லை.) அக்கடற்பாசியின் சுவைக்குக் காரணமான பொருளை 1908இல் பிரித்தறிந்த கிகுனாயே இக்கெடா, அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். ஷோஜின் சமையலில் வெங்காயமும் பூண்டும் ஆகாதாம். என் சாம்பாரில் மிதந்த சின்ன வெங்காயத்தைக் கண்டு, "நீ மடத்தில் சேர முடியாது" என்று பாட்டி சிரித்தார்.

இதையெல்லாம் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை. "அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். இரண்டு வாரம் கழித்து அவரே அழைத்தார். "வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பாலெடு. காய்ச்சி ஆற்றி, வெதுவெதுப்பாக இருக்கும்போது மிளகாய்க் காம்பு நாலைந்தைப் போட்டு மூடிவை. தோயும்."

"யார் சொன்னார்கள், அம்மா?"

"யாரோ சொன்னார்கள். மூன்று தடவை கெட்டுப்போயிற்று. நாலாந்தடவை தோய்ந்தது."

கொத்தாட்சுவுக்குள் எனக்கும் தோய்ந்தது. வாங்கிய கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமன்று. சோற்றில் அத்தயிரைப் பிசைந்து, கடுகு தாளித்துப் பாட்டியிடம் கொண்டுசென்றேன். அவர் ஒரு வாய் உண்டு, கண்ணை மூடித் திறந்து, "யார் செய்தது?" என்று கேட்டார்.

"அம்மா" என்றேன்.